ஒயில் குடிக்கிற பிக்கப்பில் மன்னாருக்கு

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டது என்று டொக்டர் சொன்ன அதே வருடத்தில்தான் எங்கள் பிக்கப்பும் ஒயில் குடிக்கத் தொடங்கியது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்தை நினைத்தால் இரண்டும் சேர்ந்துதான் வருகிறது.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நாங்கள் புத்தளத்துக்குக் கிட்ட கனமூலையில் இருந்தோம், இப்போதும் இருக்கிறோம். எனக்குத் தேங்காய், மரக்கறி ஏற்றி இறக்கும் தொழில். பிக்கப் எங்கள் மகளை விட வயது கூடியது. கற்பிட்டியில் ஒரு மீன் வியாபாரியிடம் வாங்கியது. மழை பெய்தால் பின் பெட்டியிலிருந்து கருவாட்டு வாசம் கிளம்பும். எத்தனை லட்சம் கிலோமீற்றர் ஓடியதென்று யாருக்கும் தெரியாது, மீற்றர் எப்போதோ நின்றுபோயிருந்தது.

கிழமைக்கு இரண்டு தரம் அவளைச் சிலாபம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இரத்தத்தை மெஷினில் விட்டுக் கழுவி உடம்புக்குள் திருப்பி அனுப்புவார்கள். பஸ்ஸில் போய்வர அவளால் முடியாது. திரும்பி வரும்போது தலை நிற்காது, கால் பின்னும். அதனால் பிக்கப்பின் முன் சீற்றில் ஒரு தலையணையை நிரந்தரமாகவே வைத்திருந்தோம்.

ஒரு நாள் விடியப் போகும்போது, முந்தலுக்குக் கிட்ட ஒரு வளைவில், ஒயிலுக்கான சிவப்பு லைட் ஒரு தரம் மின்னி அணைந்தது. ஓரங்கட்டினேன். ஒயில் அளவு பார்க்கிற கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தேன். நுனியில் மட்டும் கறுப்பாக ஒரு பொட்டு. குனிந்து கீழே பார்த்தேன், ஒரு சொட்டு ஒழுக்கும் இல்லை. இல்லாத ஒயில் எங்கே போனது என்று புரியாமல் ரோட்டோரம் நின்றேன். எஞ்சின் கதை முடிந்தது, இனி இவளை எதில் கொண்டுபோவேன் என்றுதான் முதலில் நினைத்தேன்.

முந்தலில் எனக்குத் தெரிந்த ஒரு கராஜ் இருந்தது. அதை நடத்துகிறவரை எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். உடப்புப் பக்கத்துக் கத்தோலிக்கர். பாதி தமிழ், பாதி சிங்களமாகக் கதைப்பார். கடையில் ஒயில் வாங்கி ஊற்றிக்கொண்டு மெல்ல அவரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் ரேடியேற்றர் மூடியைத் திறந்து பார்த்தார். ஒயில் ஊற்றுகிற வாயின் மூடியைத் திருப்பிப் பார்த்தார். என்னை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு, பின்னால் போய்ப் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தார்.

"கீழே ஒழுகல்ல. தண்ணியோட கலக்கவும் இல்ல," என்றார். "உள்ளுக்கே எரியுது. ரிங் தேஞ்சிருக்கு, வால்வு சீலும் காய்ஞ்சிருக்கும். காலையில ஸ்டார்ட் பண்ணக்குள்ள நீலமா கொஞ்சம் புகை வருமே?"

"வரும்."

"அதுதான். இவ்வளவு ஓடின எஞ்சின் கொஞ்சம் ஒயில் குடிக்கத்தான் செய்யும். அது வருத்தமில்ல."

எங்கள் ஊர்ப் பக்கம் வருத்தம் என்றால் நோய். முன் சீற்றில் சாய்ந்திருந்த என் மனைவி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள்.

"அப்ப எப்ப அது வருத்தமாகும்?" என்று கேட்டாள்.

பாஸ் அவளிடம் திரும்பி மரியாதையாகச் சொன்னார். "எவ்வளவு குடிக்குதுன்னு பார்த்துக்கொண்டு வரணும் தங்கச்சி. எப்பவும் ஒரே அளவு குடிச்சா பயமில்ல, ஊத்தி ஊத்தி ஓடலாம். திடீர்னு கூடக் குடிச்சா கொண்டு வாங்க. மேல் கோட்டுக்கு மேல ஊத்த வேணாம், கீழ் கோட்டுக்குக் கீழ இறங்க விடவும் வேணாம். அவ்வளவுதான்."

அன்றிலிருந்து அந்தப் பிக்கப்பின் ஒயிலை அவள்தான் பொறுப்பெடுத்தாள். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை, அப்படி ஆகிவிட்டது. வீட்டில் சமையல் மகளுடைய கைக்குப் போயிருந்தது. தூக்க, கூட்ட, துவைக்க ஒன்றுக்கும் அவளை விடுவதில்லை. இது ஒன்றுதான் அவளுக்கு மிஞ்சியது என்று நினைக்கிறேன். பெரிய கேனிலிருந்து சோடாப் போத்தலுக்கு ஒயிலை ஊற்றி நிரப்பி வைப்பாள். போத்தலில் எவ்வளவு குறைந்திருக்கிறது, கடைசியாக ஊற்றிய பிறகு எத்தனை தரம் சிலாபம், எத்தனை தரம் புத்தளம் என்று எல்லாம் மனதிலேயே இருக்கும். நாலு தரம் கொழும்புக்குப் போய்வருகிற தூரத்துக்கு ஒரு லீட்டர் அளவில் குடிக்கிறது என்று அவளாகவே கண்டுபிடித்தாள். பாஸிடம் சொன்னதற்கு, "அது நல்ல கணக்கு. பழைய டீசல் எஞ்சினுக்கு அது சரியான அளவுதான்," என்றார். அவள் முகத்தில் அன்றைக்கு ஒரு சந்தோஷம்.

முதலில் வாசல் மணலில் வைத்தே நான் கம்பியைப் பார்ப்பேன். அவள்தான் அது சரிவு, அளவு பிழையாகக் காட்டும் என்று சொல்லி, கொப்பரா காயப்போடுகிற சீமெந்துத் தரைக்கு வண்டியைக் கொண்டுபோகச் செய்தாள். இரவெல்லாம் ஆறிக் கிடந்த எஞ்சினை விடியத் தொழுதுவிட்டு வந்து பார்ப்பேன். அவள் ஜன்னலுக்குள்ளிருந்து கேட்பாள்.

"ஒயில் கிடக்கா?"

"இரிக்கு."

இருக்கிறது என்பதற்குக் 'கிடக்கு' என்பது அவளுடைய ஊர்ப் பேச்சு. கல்யாணமான புதிதில் என் வீட்டில் எல்லோரும் அதற்குச் சிரிப்பார்கள். அவள் மன்னார்த் தீவுக்குள் ஒரு கிராமத்தில் பிறந்தவள். தொண்ணூறில், யுத்த காலத்தில், வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் இயக்கம் வெளியேறச் சொன்னபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சின்னப் பெண். மழைக்குள் வள்ளத்தில் ஏற்றிக் கற்பிட்டியில் இறக்கினார்களாம். அதன் பிறகு ஓலைக் குடிசை, முகாம். நான் அவளைக் கட்டப்போகிறேன் என்றபோது என் கூடப் பிறந்த மூத்த நானா, "ஊர்ல பொண்ணு இல்லாமலா அகதிப் பொண்ணு?" என்று கேட்டார். அந்தச் சொல்லை அவள் முன்னாலும் சொன்னவர்கள் உண்டு.

அதே நானாதான், பிக்கப் ஒயில் குடிக்கிறது என்று தெரிந்ததும், வாசலில் நின்று, "இதுக்கும் ஊத்திக்கொண்டே இரிக்கணும், உன்ட பொண்டாட்டிக்கும் ஊத்திக்கொண்டே இரிக்கணும்," என்றார். பகிடியாகத்தான் சொன்னார். உள்ளேயிருந்த அவளுக்கும் கேட்டது. நான் நானாவோடு அதற்குப் பிறகு கன காலம் கதைக்கவில்லை.

யுத்தம் முடிந்து பாதை திறந்தவுடனேயே அவளுடைய சொந்தக்காரர்கள் பலர் ஊர் பார்க்கப் போய்வந்தார்கள். அவள் போகவில்லை. மகளுக்குப் பள்ளிக்கூடச் சோதனை என்றாள், பிறகு என் உம்மாவுக்குப் படுக்கையில் கிடந்த வருத்தம், பிறகு அவளுக்கே. ஒரு நாள் சிலாபத்திலிருந்து திரும்பி வரும்போது, கண்ணை மூடியபடியே கேட்டாள்.

"இஞ்ச பாருங்க, இந்த வண்டி மன்னார் வரைக்கும் ஓடுமா?"

"ஏன்?"

"எங்கட கிணத்த ஒருக்காப் பார்க்கணும்."

வீட்டை என்று சொல்லவில்லை. வீடு இல்லை என்று அவளுக்கு முன்பே தெரியும். போய்வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

மகள் வேண்டவே வேண்டாம் என்றாள். டொக்டர் யோசித்துவிட்டு, மெஷினில் போட்ட மறுநாள் விடிய வெளிக்கிட்டு அன்றே திரும்பி வருவதென்றால் போகலாம், தண்ணீர் அளவு மட்டும் தவறக் கூடாது என்றார். தண்ணீர்தான் அவளுக்குப் பெரிய கஷ்டம். அவள் உடம்பிலிருந்து தண்ணீர் வெளியேறுவதில்லை. அதனால் நாள் முழுவதும் குடிப்பதற்குச் சின்ன அளவுதான் அனுமதி. ஒரு சில்வர் கப் வைத்திருந்தாள். அது இரண்டு தரம் நிரம்பினால் அன்றைய தண்ணீர் முடிந்தது. எங்கள் ஊர் வெயிலில் அப்படி இருந்து பார்த்தால்தான் தெரியும்.

நான் முந்தலுக்குப் போய்ப் பாஸிடம் கேட்டேன். அவர் வண்டியைச் சுற்றி வந்தார். தண்ணீர்க் குழாய் ஒன்றை மாற்றினார். பழைய ஒயிலை இறக்கிவிட்டு, கொஞ்சம் தடிப்பானதாகப் புது ஒயில் ஊற்றினார்.

"போகும்," என்றார். "ஆனா வேகமா மிதிக்க வேணாம். சூட்டுக்குள்ள நெடுக ஓடினா வழமையை விடக் கொஞ்சம் கூடத்தான் குடிக்கும், அதுக்குப் பயப்பட வேணாம். பாதி வழியில நிப்பாட்டி, ஆற விட்டுப் பாருங்க. கையோட ஒயில் கொண்டு போங்க."

நான் வெளிக்கிடும்போது, தலவிலத் தேவாலயத் திருநாளுக்குப் போகப்போவதாகவும், தங்கச்சிக்காக அங்கே ஒரு மெழுகுதிரி ஏற்றுவதாகவும் சொன்னார். வந்து அவளிடம் சொன்னேன். "ஏத்தச் சொல்லுங்க, எனக்காக யார் கேட்டாலும் நல்லதுதானே," என்றாள்.

விடிய ஸுபஹுத் தொழுத கையோடு வெளிக்கிட்டோம். நானும் அவளும் மட்டும்தான். புத்தளம் தாண்டி அநுராதபுரப் பாதையில் ஏறியதும் அவள் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். மதவாச்சியில் ஒரு மர நிழலில் நிறுத்தினேன். எஞ்சின் ஆறும் வரை இருவரும் இடியப்பம் சாப்பிட்டோம். கம்பியைப் பார்த்தேன், கோடு கொஞ்சம் இறங்கியிருந்தது. பாதிப் போத்தல் ஊற்றினேன்.

"தண்ணி கொஞ்சம் குடியேன்," என்றேன்.

"பொறகு."

செட்டிகுளம் தாண்டியும் கேட்டேன். "பொறகு," என்றாள். உதடு காய்ந்து வெள்ளையாக இருந்தது. வாந்தி வருமென்று பயப்படுகிறாள் போல என்று விட்டுவிட்டேன்.

தீவுக்குப் போகிற பாலத்தில் ஏறியபோது இரண்டு பக்கமும் கடல். அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கச் சொன்னாள். காற்று முக்காட்டை இழுத்தது. அவள் பிடித்துக்கொள்ளவில்லை. ஊருக்குள் அவள்தான் வழி சொன்னாள். பள்ளிவாசலுக்குப் புதுப் பெயின்ற் அடித்திருந்தார்கள். அங்கங்கே திரும்பி வந்தவர்களின் தகரக் கொட்டில்கள். மற்றபடி பற்றைதான்.

அவளுடைய வீட்டில் தரையும் குசினிச் சுவர் ஒன்றும் மிச்சம் இருந்தன. நடு அறையில் ஒரு வேப்பமரம் கூரை உயரத்துக்கு வளர்ந்து நின்றது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தரையில் ஏறி, வாசல் இருந்த இடத்தால் உள்ளே போனாள். சுவர் இல்லாத இடத்தால் போகவில்லை. நான் வெளியிலேயே நின்றேன்.

பக்கத்துக் காணியில் கொட்டில் போட்டிருந்த ஒரு பெண் சத்தம் கேட்டு வந்தாள். யார், எந்த ஊர் என்று என்னிடம் கேட்டாள். நான் மனைவியின் வாப்பா பெயரைச் சொன்னதும் என் மனைவியை உற்றுப் பார்த்தாள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்களாம். அந்தப் பெண்ணுக்கு அடையாளம் பிடிக்க நேரம் எடுத்தது. வருத்தம் என் மனைவியின் முகத்தைக் கறுக்கவைத்து வீங்கவும் வைத்திருந்தது. பிறகு கிட்ட வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். என் மனைவி மெதுவாக, "அந்தக் கை வேணாம், அதிலதான் ஊசி போடுறது," என்று சொல்லி மற்றக் கையைக் கொடுத்தாள்.

கிணறு வளவின் பின்பக்கம் இருந்தது. கட்டு உடைந்திருந்தாலும் துப்பரவாக இருந்தது. அந்தப் பெண்தான் இறைத்துப் புழங்குகிறாள். வாளியும் கயிறும் இருந்தன. என் மனைவி தானே அள்ள ஆசைப்பட்டுக் கயிற்றைத் தொட்டாள். ஊசி போடுகிற கையால் பாரம் இழுக்கக் கூடாது. நான் வாங்கி அள்ளினேன். அவள் தோள் பையைத் திறந்து அந்தச் சில்வர் கப்பை எடுத்தாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. விடியலிலிருந்து ஒரு மிடறு கூடக் குடிக்காமல், அன்றைய தண்ணீர் முழுவதையும் இதற்காகவே மிச்சம் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

வாளியைச் சரித்துக் கப்பை நிரப்பிக் கொடுத்தேன். பிஸ்மி சொல்லிவிட்டுக் குடித்தாள். முதல் மிடறோடு நிறுத்தினாள்.

"உவர்," என்றாள்.

"குடிக்கவா அள்ளினீங்க?" என்றாள் அந்தப் பெண். "குளிக்க, துவைக்கத்தான் இது. குடிக்கிற தண்ணி பவுசர் லொறியிலதான் வருது. தெரிஞ்சிருந்தா நான் வீட்டுலயிருந்து தந்திருப்பேனே."

"முந்தி இந்தத் தெருவே இதிலதான் அள்ளும்," என்றாள் என் மனைவி.

"ஓம், தெரியாதா எனக்கு. நாங்க வரக்குள்ளயே இப்படித்தான்."

நான் கப்பை வாங்கக் கை நீட்டினேன். உப்பு அவளுக்கு ஆகவே ஆகாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவள் கொடுக்கவில்லை. மெல்ல மெல்ல, இடையில் மூச்சு விட்டு விட்டு, முழுவதையும் குடித்தாள். கடைசியில் கப்பைக் கவிழ்த்து உதறிவிட்டுப் பையில் வைத்தாள். அழவில்லை. நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டிக்குப் போனேன்.

திரும்பி வரும்போது வெயில் கொளுத்தியது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப் புகை மெல்லிசாகத் தெரிந்தது. மதவாச்சிக்கு முன்பே ரோட்டோரம் நிறுத்தி, கொஞ்ச நேரம் ஆற விட்டுக் கம்பியை எடுத்தேன். கீழ்க் கோட்டிலும் ஒயில் இல்லை. அந்தக் காட்டுப் பாதையில், நாளை மறுநாள் மெஷினில் போட வேண்டிய மனுசியோடு நின்றுபோனால் என்ன செய்வது? மிச்சப் போத்தலைத் திறந்தேன்.

"பொறுங்க," என்றாள் உள்ளேயிருந்து. "போகக்குள்ள பாதிப் போத்தல் ஊத்தினீங்க. அதுக்குள்ள இவ்வளவு இறங்காது. வண்டி சரிவுல நிக்குது பாருங்க."

பார்த்தேன். வலப்பக்கச் சில்லு இரண்டும் ரோட்டில், இடப்பக்கச் சில்லு இரண்டும் பள்ளத்தில். கொஞ்சத் தூரம் ஓட்டிப்போய் ஒரு கடை வாசலில், மட்டமான இடத்தில் நிறுத்தி, ஆற வைத்துப் பார்த்தேன். கோடு பாதிக்கு மேலேயே இருந்தது. வழமையை விடக் கொஞ்சம் கூடக் குடித்திருந்தது, பாஸ் சொன்ன மாதிரியே. அவள் கணக்குச் சரி. கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு வந்து ஏறினேன். அவள் அன்றைக்கு முதல் தரமாகச் சிரித்தாள்.

"நான் இல்லாட்டி அவ்வளவையும் ஊத்தி வண்டிய நாசமாக்கியிருப்பீங்க," என்றாள்.

நொச்சியாகமத்துக்குக் கிட்ட வரும்போது சொன்னாள். "ஊரப் பார்த்துட்டு, அங்கேயே என்னை அடக்கச் சொல்லி உங்கள்ட கேட்கணும்னு நினைச்சுத்தான் போனேன். இப்ப அப்படி இல்ல. எங்கட உம்மாவும் வாப்பாவும் இங்கதானே மையவாடியில. பிள்ளையும் இங்க. அங்க யார் கிடக்கு?"

"ஏன் இப்ப அந்தக் கதை?" என்றேன்.

"கதைக்கிறதால ஒண்டும் நடக்காது," என்று சொல்லிவிட்டுத் தலையணையில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

அந்தப் பயணத்தால் அவளுக்கு வருத்தம் ஒன்றும் கூடவில்லை என்று டொக்டர் சொன்னார். அதன் பிறகும் கன தரம் சிலாபம் போய்வந்தோம். மாரி தொடங்கியபோதுதான் அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. மெஷினில் போடும் நேரத்தைக் கூட்டினார்கள். வீட்டுக்கு வந்தால் கதிரையில் உட்கார்ந்தபடியே தூங்குவாள், படுக்க முடியாது.

ஒரு விடியற்காலை, சிலாபம் போகிற நாள். மழை விட்டிருந்தது. நான் சீமெந்துத் தரையில் வண்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒயில் ஊற்றினேன். சோடாப் போத்தலின் வாய் நழுவிக் கை இரண்டிலும் ஒயில் வழிந்தது. அந்த நேரத்தில் மகள் வாசலுக்கு வந்து, "வாப்பா, இங்க வாங்க," என்றாள். சத்தமாகக் கூப்பிடவில்லை. அந்தக் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவள் போகத் தயாராக, முக்காடு போட்டு, செருப்பும் போட்டு, முன் அறைக் கதிரையில் இருந்தாள். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மூச்சு இருந்தது, ஆனால் இடைவெளி விட்டு விட்டு வந்தது. நான் கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டேன். இரண்டு கையும் கறுப்பு. அவள் உடுத்தியிருந்தது வெளிறிய சோட்டிக் கவுன். மகள், "தொடுங்க வாப்பா, பரவாயில்ல," என்றாள். ஆனாலும் நான் கிணற்றடிக்கு ஓடினேன். ஒயில் தண்ணீரில் போகுமா? சவர்க்காரத் தூளையும் மணலையும் அள்ளித் தேய்த்தேன். பாதிதான் போனது. அதோடேயே ஓடிவந்தேன். மகள் கலிமாச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கையைப் பிடித்தபோது அது இன்னும் சூடாக இருந்தது. மூச்சு இல்லை.

மத்தியானம் ளுஹர் தொழுகைக்குப் பிறகு கனமூலையிலேயே அடக்கினோம். நானா ஜனாஸாவைத் தோளில் தூக்கினார். குழியடியில் என் பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்தார். நானும் விடவில்லை. எங்கள் பேச்சு அதோடு பழையபடி தொடங்கியது. பாஸ் கேள்விப்பட்டுப் பின்னேரம் வந்தார். உள்ளே வராமல் கேற்றுக்குப் பக்கத்தில் நின்றார். நான் போய்க் கூட்டிவந்து கதிரை போட்டேன். "நல்ல மனுசி," என்று மட்டும் சொன்னார். பிளேன்டி குடித்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு நான் ஒயிலைச் சரியாகப் பார்க்கவில்லை. சில நாள் ஊற்றுவேன், சில நாள் மறந்துபோவேன். அடுத்த வெயில் காலத்துக்குள் வண்டி போகிற இடமெல்லாம் நீலப் புகை. பாஸ் பார்த்துவிட்டு, "இது இனி வழமை இல்ல, கழட்டத்தான் வேணும்," என்றார். எஞ்சினைப் பிரித்து, ரிங் மாற்றி, சீல் மாற்றிக் கொடுத்தார். இப்போது புகை இல்லை. கம்பியைப் பார்த்தால் மாதக் கணக்கில் கோடு அப்படியே நிற்கிறது. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. அதனால் விடியத் தொழுதுவிட்டு வந்தால் எனக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. கொஞ்ச நேரம் வண்டியடியில் நின்றுவிட்டு உள்ளே போவேன்.

மகள் கல்யாணமாகிப் புத்தளத்தில் இருக்கிறாள். உம்மாவின் ஊரை அவள் ஒரு தரமும் பார்த்ததில்லை. போன நோன்புப் பெருநாளுக்கு வந்தபோது, "வாப்பா, ஒருக்கா என்னை அங்க கூட்டிப் போங்களேன்," என்று கேட்டாள். மழை முடியட்டும் என்றேன். மழை முடிந்ததும் மறுபடி கேட்டாள். "தூரம் புள்ள. பார்ப்போம்," என்றேன்.

"வண்டிதான் பயமா? அப்ப நாங்க வேன் பிடிச்சுப் போவோம்."

போனால் அந்தக் கிணற்றில் இவளுக்கும் நான்தான் அள்ளிக் கொடுக்க வேண்டும். வண்டியை நினைத்துத்தான் நான் தயங்குகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.